கிரிப்டோ பெயரில் மலையேறும் சங்கிலி

பதுளை மாவட்டத்துத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு 100 டொலர் என்பது எத்தனை நாள் உழைப்பு? 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கவும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா ஊக்கத்தொகை கொடுக்கவும் முன்மொழிந்தது. அந்த 1,750ஐ முழுதாக வைத்துக் கணக்குப் பார்த்தாலும், டொலர் 300 ரூபாவைத் தாண்டி நிற்கையில், 100 டொலருக்குப் பதினேழு பதினெட்டு நாள் மலையேறி இறங்க வேண்டும். மழைக்கு வேலை நின்று, கொழுந்தின் நிறை குறைந்து அரைநாள் பேர் மட்டும் விழுந்தால் அது ஒரு முழு மாதச் சம்பளம்.

இந்தத் தொகையைத்தான் "சும்மா ஒரு நூறு டொலர் போட்டுப் பாருங்கள்" என்று வட்ஸ்அப் குழுக்களில் கேட்கிறார்கள். எனவே ஊவாத் தோட்டங்களில் கிரிப்டோவைப் பற்றிப் பேசுவதென்றால், பிட்கொயின் ஏறுமா இறங்குமா என்பதற்கு முன்னால் இன்னொன்றைப் பேசியாக வேண்டும். கிரிப்டோ என்ற பெயரில் இங்கே வந்து சேர்வதில் பெரும்பகுதி கிரிப்டோவே அல்ல.

பண்டாரவளை பஸ் ஸ்டாண்டிலும் பசறை டவுனிலும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் வேறாக இருக்கிறது. கொழும்பில் கடைகளில் வேலை பார்த்துவிட்டுத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் வரும் பையன்களுக்கு இது எதிர்காலம். யூஎஸ்டிடி, பைனான்ஸ், டிரேடிங் என்ற சொற்கள் அவர்கள் வாயில் சரளமாக வருகின்றன. பெற்றோருக்கு இது ஃபோனுக்குள் ஓடும் சூது. டியூஷன் ஆசிரியர்களில் சிலர் பங்குச் சந்தையைப் போல இதையும் படிக்கலாம் என்கிறார்கள். வேறு சிலர் அந்தப் பெயரைக் கேட்டதுமே பேச்சை மாற்றுகிறார்கள், அவர்களுக்கும் ஏதோ போயிருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இன்னொரு தரப்பு. அவர்கள் அனுப்பும் காசுதான் லயத்து வீட்டுக்கு வரும் ஒரே பெரிய தொகை. ஆகவே அதைப் 'பெருக்கித் தர' வருகிறவர்களும் அதிகம்.

பெரும்பாலான இளைஞர்களுக்கு முதல் அறிமுகம் காசு போடாமலே நடந்தது. 2019இல் தொடங்கிய பை நெட்வேர்க்கில் தினமும் ஒரு பொத்தானை அழுத்தினால் 'மைனிங்' நடப்பதாகத் திரையில் காட்டும். 2024இல் டெலிகிராமில் ஹம்ஸ்டர் கொம்பட் விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது. வெள்ளெலிப் படத்தைத் தட்டித் தட்டிச் சேர்த்த புள்ளிகளுக்கு அந்த ஆண்டு செப்டெம்பர் கடைசியில் டோக்கன் கொடுத்தார்கள். மாதக்கணக்காகத் தட்டியவர்களுக்குக் கிடைத்தது சில டொலர்கள்தான். இவற்றில் போனது டேட்டாவும் நேரமும் மட்டுமே என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால் ஃபோனைத் தட்டினால் காசு வரும் என்ற நினைப்பு அங்கேதான் வேர்விட்டது. அடுத்து வந்தவர்கள் அதையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

சொந்தக்காரன் சொன்னான் என்று

இலங்கை மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று பெயர்களை அடுக்கிப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் ஸ்போர்ட்ஸ் செயின் இருக்கிறது, ஒன்மெக்ஸ் டிடி இருக்கிறது, எம்டிஎஃப்இ இருக்கிறது. மூன்றும் கிரிப்டோவின் மொழியையோ டிஜிட்டல் டிரேடிங்கின் மொழியையோ பேசித்தான் ஆள் சேர்த்தன. ஸ்போர்ட்ஸ் செயின் விவகாரம், நாடு பெற்றோல் வரிசையில் நின்ற 2022இல், வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது.

எம்டிஎஃப்இயின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் உள்வேலை மற்ற எல்லாவற்றையும் விளக்கிவிடும். டொலருக்குச் சமமான டோக்கனை வாங்கி அந்த ஆப்பில் போட வேண்டும். பிறகு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக டிரேட் பண்ணும் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள் திரையில் இலாபம் ஏறியது. இடையில் ஓரிரு நாள் சிறு நஷ்டமும் காட்டியது, அப்போதுதானே நம்பிக்கை வரும். ஆட்களைச் சேர்த்தவர்களுக்குக் கமிஷன், நிறையச் சேர்த்தவர்களுக்கு சீஈஓ என்ற பட்டம், ஹோட்டலில் கூட்டம், மேடையில் கைதட்டல். பங்களாதேஷ், நைஜீரியா, இந்தியா, இலங்கை என்று பரவிய இந்த ஆப், 2023 ஆகஸ்டில் பணம் எடுப்பதை நிறுத்தியது. அடுத்து கணக்குகளில் மீதி, பூச்சியத்துக்குக் கீழே போனதாகக் காட்டியது. டிரேடில் நஷ்டம் வந்துவிட்டது, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று, காசைப் பறிகொடுத்தவர்களிடமே மேலும் காசு கேட்டது. உண்மையில் எந்த டிரேடும் நடக்கவில்லை. பின்னால் வந்தவரின் காசு முன்னால் வந்தவருக்கு இலாபமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் திட்டங்களில் பல, நாளுக்கு ஒரு சதவீதம் என்றோ அதற்கு மேலோ ஆசை காட்டின. ஒரு சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டு வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 1 சதவீதம் கூடினால் 70 நாளில் முதல் இரட்டிப்பாகும். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 38 மடங்கு. ஒரு இலட்சம் ரூபா, முதல் வருட முடிவில் 38 இலட்சம், இரண்டாவது வருட முடிவில் 14 கோடி. உலகத்தில் எந்த வியாபாரமும் இப்படி விளைவதில்லை. பதுளையில் ஏதாவது ஒரு வங்கியில் ஒரு வருட நிலையான வைப்புக்கு இப்போது 10 சதவீதத்தைத் தொடுவதே கடினம். இந்தக் கணக்கைச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் போட்டுவிடும். ஆனாலும் படித்தவர்களும் விழுந்தார்கள். அதற்குக் காரணம் கணக்குத் தெரியாமை அல்ல. சொன்னவர் யார் என்பதுதான் காரணம்.

தோட்டத்தில் எதுவும் ஆள் மூலமாகவே வரும். வேலை, வரன், கடன், கொழும்பில் தங்குமிடம் எல்லாம் மாமா, மச்சான், சித்தப்பா வழியாகவே வந்து பழகியிருக்கிறது. வெளியே வங்கியும் அலுவலகமும் நம் மொழியில் நம்மோடு பேசாத காலத்தில், இந்த உறவு வலையே மக்களைக் காப்பாற்றியது. சீட்டும் அப்படித்தான். லயத்தில் சீட்டுப் பிடிக்கும் அக்காவின் வீடு தெரியும், அவருடைய அம்மாவையும் தெரியும், ஏமாற்றினால் நாளைக்கு அவர் பீலிக்கரையில் முகம் காட்ட முடியாது. பிரமிட் திட்டம் இந்த நம்பிக்கையைத்தான் திருடுகிறது. கூப்பிடுகிறவன் மச்சான்தான், ஆனால் காசு போவது மச்சானிடம் அல்ல. அது எங்கே போகிறது என்று மச்சானுக்கே தெரியாது. அவன் பெரும்பாலும் பொய் சொல்லவும் இல்லை, முதல் மூன்று மாதம் தனக்குக் கிடைத்ததைக் காட்டியே கூப்பிடுகிறான்.

போடும் காசு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த வேதனை. சேமிப்பிலிருந்து போட்டவர்கள் குறைவு. நகையை அடகு வைத்து, நுண்கடன் குழுவில் எடுத்து, ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்ததும் அதை உடைத்து என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. காசு போன பிறகும் வட்டி நிற்காது. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டைக் கட்டி ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடன் எப்படி ஒரு குடும்பத்தின் காலைக் கட்டும் என்பதை இந்தச் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளைஞர்கள் சொல்வதில் இருக்கும் நியாயம்

இவ்வளவையும் சொன்னால் இளைஞர்கள் ஒரு பதில் சொல்கிறார்கள், அதை ஒதுக்கிவிட முடியாது. ரூபாவை நம்பியிருந்தோமே, என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. அந்த நேரம் டொலரோடு கட்டிய டோக்கனை ஃபோனில் வைத்திருந்தவனின் காசு ரூபாக் கணக்கில் ஏறியது, தபால் கந்தோர்ப் புத்தகத்தில் வைத்திருந்த பாட்டியின் காசு கரைந்தது. இது உண்மை.

சேமலாப நிதியையும் சொல்கிறார்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, அந்த நிதி வைத்திருந்த அரச பிணைமுறிகள் புதியவையாக மாற்றப்பட்டன. முதல் சில ஆண்டுகளுக்கு 12 சதவீத வட்டி, அதற்குப் பிறகு 9 சதவீதம். நாடு கடனில் மூழ்கியதற்குத் தோட்டத் தொழிலாளி காரணமல்ல, ஆனால் சுமையில் ஒரு பங்கு அவருடைய ஓய்வுகாலச் சேமிப்பின் மேல் விழுந்தது. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள், அரசாங்கம் அச்சடிக்காத ஒரு காசு இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பதை அறியாமை என்று தள்ளுவது நேர்மையல்ல.

பிட்கொயின் பிறந்ததும் இப்படி ஒரு நம்பிக்கையிழப்பில்தான். அமெரிக்க வங்கிகள் சரிந்த 2008ஆம் ஆண்டின் ஒக்டோபர் 31ஆம் திகதி, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் அதன் வரைவு வெளியானது. எந்த மத்திய வங்கியும் கூட்ட முடியாதபடி மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் காசுகள் என்று வரம்பு போடப்பட்டது. அந்தத் தொழில்நுட்பம் மோசடியல்ல. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற பதிவேடு ஒரே இடத்தில் இல்லாமல் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருப்பதால், ஒருவர் நினைத்து அதைத் திருத்த முடியாது.

விலைதான் வேறு விடயம். 2021 நவம்பரில் 69,000 டொலர் வரை போன பிட்கொயின், ஒரே வருடத்தில் 16,000 அளவுக்கு விழுந்தது. 2024 டிசம்பரில் 100,000ஐத் தாண்டியது, 2025 ஒக்டோபரில் 126,000ஐத் தொட்டு, அடுத்த மாதமே 90,000க்குக் கீழே வந்தது. பொறுத்திருந்தவர்கள் இலாபம் கண்டார்கள் என்பது சரி. ஆனால் பொறுத்திருக்க, அந்தக் காசு இல்லாமலும் வீடு ஓட வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் சப்பாத்தும் கொப்பியும் வாங்க வேண்டிய குடும்பம் விலை ஏறும் வரை காத்திருக்காது, விழுந்த விலைக்கே விற்கும். கையில் காசு குறைந்தவருக்கு இது வேறு சந்தை என்று நான் சொல்வது அதனால்தான். இதே நாணயம் கொழும்பில் ஒரு கணினிப் பொறியியலாளருக்குச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கு, ஹாலிஎலயில் ஒரு தொழிலாளிக்கு அடகு வைத்த தாலிக்கொடி.

பெரியவர்களும் தப்பவில்லை. டொலருக்குச் சமம் என்று சொல்லப்பட்ட டெராயூஎஸ்டி, 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே மதிப்பிழந்தது. உலகின் முன்னணிக் கிரிப்டோ சந்தைகளில் ஒன்றான எஃப்டிஎக்ஸ் அதே ஆண்டு நவம்பரில் திவாலானது, அதன் நிறுவனருக்கு 2024இல் 25 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2021இல் பிட்கொயினைச் சட்டபூர்வக் காசாக்கிய எல் சல்வடோர், சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டபோது, 2025 தொடக்கத்தில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் அதை வாங்கத்தான் வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது.

மடுல்சீமையிலிருந்து ஒரு பழைய கணக்கு

யாரும் பொறுப்பேற்காத காசு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரதேசத்துக்குப் போக வேண்டாம். 1869இல் மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் காணப்பட்டது. அதுதான் இலங்கையின் கோப்பியை அழித்த துரு நோய். பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் ஒன்றொன்றாக விழுந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன் 1884 மே மாதத்தில் கதவை மூடியது.

அந்தக் காலத்தில் இலங்கையில் நோட்டு அச்சடித்தவை தனியார் வங்கிகள். சில்லறைக் காசு போதாமல், கோப்பி வணிக நிறுவனங்கள் தங்கள் பெயர் பொறித்த வில்லைகளைக் கூலியாகக் கொடுத்த காலமும் உண்டு. ஓரியண்டல் வங்கி விழுந்ததும், கையில் அதன் நோட்டை வைத்திருந்தவர் எல்லோருக்கும் அது வெறும் காகிதமாகும் நிலை வந்தது. அப்போது ஆளுநராக இருந்த சேர் ஆதர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். கடைகளும் சம்பளமும் முற்றாக நின்றுவிடாமல் காத்தது அந்த அறிவிப்பு. அதே ஆண்டு காகிதப் பணச் சட்டம் வந்தது. நோட்டு அச்சடிக்கும் வேலையை அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. இந்த நாட்டின் அரச நோட்டுக்குப் பின்னால் ஊவா மலையில் தொடங்கிய ஒரு நோயும், அதில் முறிந்த ஒரு தனியார் வங்கியும் இருக்கின்றன.

இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. காசு போனால் யார் வருவார்? உரிமம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்தால், மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை ஈடு கொடுக்கும். கிரிப்டோவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. கிரிப்டோ பெயரிலான ஆப்புக்கோ முகவரியே இல்லை.

நமது மத்திய வங்கியின் நிலைப்பாடு பல வருடமாக ஒன்றேதான். 2018இலிருந்து 2021, 2022 என்று திரும்பத் திரும்ப எச்சரித்து, மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறது. கடன் அட்டையாலோ பற்று அட்டையாலோ அவற்றை வாங்கவும் முடியாது. 2022 டிசம்பரில் அமெரிக்க முதலீட்டாளர் டிம் டிரேப்பர் கொழும்புக்கு வந்து, பிட்கொயினை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டபோது, மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார். நெருக்கடியின் நடுவில் அந்த மறுப்பு சரியானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் மறுப்பும் எச்சரிக்கையும் மட்டும் இருந்தால் ஒரு இடைவெளி விழுகிறது. அட்டையால் வாங்க முடியாதவன், ஃபோனில் அறிமுகமான யாருக்கோ வங்கிக் கணக்கு மூலம் ரூபாவை அனுப்பி டோக்கன் வாங்குகிறான். எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாது. விற்கும்போது கணக்கில் விழும் காசு வேறொரு மோசடியில் திருடியதாக இருந்தால், பொலிஸ் தேடிவருவது இவன் கணக்கைத்தான். டவுனில் ஒருவரிடம் கையில் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு ரசீதும் இல்லை. சேவை வழங்குநர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் சட்டம் பற்றி அரச தரப்பில் இப்போது பேசப்படுகிறது. அது சீக்கிரம் வர வேண்டும். இந்தியா 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ இலாபத்துக்கு 30 சதவீத வரி போட்டது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் சந்தையில் 23 கோடி டொலருக்கு மேல் திருடப்பட்ட பிறகு, தன் டோக்கன்கள் முடக்கப்பட்ட ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஒக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து என்று தீர்ப்பளித்தார். சென்னையில் அந்தப் பெண்ணுக்குத் தட்ட ஒரு கதவு இருந்தது. பசறையில் ஒரு பெண்ணுக்கு அது இன்னும் இல்லை.

இருக்கும் கதவுகளையாவது சொல்ல வேண்டும். மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பணம் போனவர்கள் வட்ஸ்அப் உரையாடல், வங்கிச் சீட்டு, ஆப்பின் ஸ்கிரீன்ஷொட் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். போன காசை மீட்டுத் தருகிறேன், அதற்கு முன்பணம் கட்டு என்று வருகிறவர் இரண்டாவது திருடர். அவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளைச் சிதைத்தது. நட்டஈட்டுக் காசு கைக்கு வரும் வீடுகளில் இந்த எச்சரிக்கை முன்னதாகவே போய்ச் சேர வேண்டும் என்பது என் பெரிய கவலை.

முறைப்பாடு ஏன் குறைவு என்பதற்கு வெட்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, பிரமிட் திட்டத்தை நடத்துவதோடு அதை ஊக்குவிப்பதையும் குற்றமாக்குகிறது. தம்பியையும் பக்கத்து லயத்து அண்ணனையும் சேர்த்துவிட்டவன், முறைப்பாடு செய்தால் தானே மாட்டுவேன் என்று ஒடுங்கிவிடுகிறான். அவனால் காசு இழந்தவர்களும் சொந்தக்காரனைப் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். மேலே இருந்து கோடிகளை எடுத்தவர்களுக்கு இந்த மௌனம்தான் பாதுகாப்பு. தாமும் காசை இழந்து, சிலரைச் சேர்த்துவிட்டு, இப்போது சாட்சி சொல்ல முன்வருகிறவர்களைச் சட்டமா அதிபர் திணைக்களமும் பொலிஸும் வேறாக நடத்த வேண்டும், அதைத் தமிழில் பகிரங்கமாக அறிவிக்கவும் வேண்டும். நாட்சம்பளத்துக்காக மேசையில் உட்காரும் தொழிற்சங்கங்கள், அந்தச் சம்பளம் ஃபோன் வழியாகப் போய்விடாமல் இருக்க இந்தக் கோரிக்கையையும் தங்கள் பட்டியலில் சேர்க்கட்டும்.